கடலோர மனை பாதுகாப்பு மண்டலமானால் பட்டா போய்விடுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈஞ்சம்பாக்கத்தில், ஈ.சி.ஆருக்குக் கிழக்கே, அப்பா பெயரில் ஒன்றரை கிரவுண்டும் பழைய ஓட்டு வீடும் இருக்கிறது. அடுத்த மாஸ்டர் பிளானில் கடலோரத்தைப் பாதுகாப்பு மண்டலமாக்கப் போகிறார்கள், இப்போதே விற்றுவிடுங்கள் என்கிறார் புரோக்கர். கவுன்சிலரைப் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. பட்டா செல்லாமல் போய்விடுமா?"

பட்டா எங்கும் போகாது. மண்டலம் மாறினால் அந்த நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதுதான் மாறும், உரிமையாளர் மாறமாட்டார். அரசுக்கு நிலமே வேண்டுமென்றால் அது கையகப்படுத்தல். அதற்கு நோட்டீஸ், இழப்பீடு என்று தனி வழி இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் ஈ.சி.ஆரில் பாதி மனைகளின் விலையை அடிக்கிறார்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கடலோரக் கட்டுப்பாட்டால் மாடி கட்ட முடியாமல் போனால் அதற்கு நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள்.

மாமாவுக்கு ஒரு தகவல். சென்னையில் நிலத்தின் வகைப்பாடு மாநகராட்சி கையில் இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் போடுவது, மாற்றுவதற்கான வேலைகளைப் பார்ப்பது எல்லாம் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ஒப்புதல் தமிழக அரசு. கவுன்சிலர் நல்லவராகவே இருந்தாலும் அவரால் ஆகக்கூடிய காரியம் இல்லை இது. அதற்கும் மேலே கடலோரத்துக்கென்று இன்னொரு வரைபடம் இருக்கிறது, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது. 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் திருத்தி எழுதினார்கள். இந்த இரண்டு படங்களில் எது கடுமையோ அதுதான் உங்களைக் கட்டும். சி.எம்.டி.ஏ. படத்தில் 'குடியிருப்பு' என்று இருப்பதை மட்டும் காட்டி விற்கிற மனையில், சி.ஆர்.இசட். படத்தைப் பார்த்தால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று இருக்கலாம்.

புரோக்கர் பேச்சில் இன்னொரு ஓட்டை, பாதுகாப்பு என்னவோ இனிமேல்தான் வரப்போகிறது என்பது. 2008-ல் அமலுக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானிலேயே திருவான்மியூருக்குத் தெற்கே உள்ள கடலோர மணல்பட்டையை நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்று குறித்து, கட்டட அளவைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. அந்த மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர்தான் கடல்நீரை வெளியே தள்ளி நிறுத்துகிறது, மேலே சிமெண்ட் போட்டு மூடி கீழே மோட்டார் வைத்து உறிஞ்சினால் கிணற்றில் உப்புத்தண்ணீர்தான் வரும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது உயர் அலைக் கோடு, அதாவது எச்.டி.எல்., பெரிய ஓதத்தின்போது கடல்நீர் ஏறிவரும் எல்லை. அங்கிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். அதற்குள் உங்கள் சர்வே எண் இரண்டாம் வகையா (ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி), மூன்றாம் வகையா (அந்த அளவுக்கு வளராத பகுதி) என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டாம் வகை என்றால் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், கடல்பக்கமாகக் கூடாது. நேற்று போட்ட சிமெண்ட் சாலையைக் காட்டி 'இதுதான் சாலை' என்றால் எடுபடாது. மூன்றாம் வகை என்றால் 2011 விதிப்படி எச்.டி.எல்.லிலிருந்து 200 மீட்டர் வரை கட்டத் தடை. 2019 விதியில் இதையே இரண்டாகப் பிரித்து, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற இடங்களில் 50 மீட்டராகக் குறைத்தார்கள். தடைக்குள் இருந்தாலும், அனுமதி பெற்ற பழைய வீட்டை அதே அடித்தளப் பரப்பு, அதே மொத்தப் பரப்பை மீறாமல் பழுதுபார்க்கலாம், திருப்பிக் கட்டலாம். ஆகவே உங்கள் ஓட்டு வீட்டின் பழைய பிளான் அனுமதித் தாள் எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள், பஞ்சாயத்துக் காலத்துத் தாளாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். வீட்டு வரி ரசீதும் ஈ.பி. கார்டும் அனுமதி ஆகாது.

2011-ல் ஈஞ்சம்பாக்கம் மாநகராட்சியில் சேர்ந்ததால் தானாகவே இரண்டாம் வகை ஆகிவிட்டது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பாதிக்கு மேல் மனைகளில் கட்டடம், சாலை, குடிநீர், கழிவுநீர் வசதி எல்லாம் பார்த்துத்தான் வகை தீர்மானமாகும். 2019 விதியும், அதற்கான மாநிலக் கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் நடைமுறைக்கு வரும், அதுவரை 2011 விதிதான். அதனால் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஆர்.டி.ஐ. போட்டு, 'என் சர்வே எண்ணுக்கு இன்று அமலில் உள்ள, ஒப்புதல் பெற்ற படம் எது, அதில் என்ன வகை' என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற என்ற வார்த்தையை விடாதீர்கள். எண்ணூரில் கழிமுகத்தைக் காட்டிய 1996 படம் ஒரு பக்கம், கழிமுகமே காணாமல் போன இன்னொரு படம் ஒரு பக்கம் என்று மீனவர்கள் போராட வேண்டியிருந்தது. எந்தப் படம் சுற்றில் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கோடு உங்கள் மனையில் எங்கே விழுகிறது என்பதைப் புரோக்கர் காலடியால் அளந்து சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ரிமோட் சென்சிங் நிறுவனம் இதற்கு அங்கீகாரம் பெற்றது. 1:4000 அளவுப் படத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பொருத்தி எச்.டி.எல்.லைக் குறித்துத் தருவார்கள். காசு ஆகும், ஆனால் ஒரு மனையில் பாதி தடைக்குள்ளும் பாதி வெளியிலும் விழுவது சகஜம், அந்தப் பாதிதான் உங்கள் விலையைத் தீர்மானிக்கும்.

சும்மா கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களிடம் கொச்சி மரடைச் சொல்லுங்கள். பஞ்சாயத்து கொடுத்த பெர்மிட்டை நம்பிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்களை, கடலோர ஆணையத்தின் அனுமதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மாஸ்டர் பிளான் வரைவு வெளிவரும்போது ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுப்பார்கள். அப்போது 'எங்களுக்கு நஷ்டம்' என்று நாலு பக்கம் புலம்பாமல் சர்வே எண், புலப்படம், வீட்டின் அனுமதி எண், தெரு எத்தனை வருடமாக இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடல்பக்கம் மணல்மேடும் இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் இன்னும் மிச்சமிருந்தால், அதைக் காக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதலாம், புயல் நாளில் உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்பது அந்த மேடுதான்.

விற்பது, வைத்துக்கொள்வது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் வகையும் கோடும் தெரியாமல் முன்பணம் வாங்காதீர்கள். பில்டரோடு கூட்டாகக் கட்டுவதென்றால், கடலோர அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து, யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதை எழுத மறுக்கிற பில்டருக்கு அனுமதி கிடைக்காது என்பது முன்பே தெரிந்திருக்கும்.