கொழும்பில் எழுதும் வர்த்தகக் கொள்கை மருதமுனைத் தறிக்கு எப்படி வந்து சேர்கிறது?

"வர்த்தக அமைச்சு, கைத்தொழில் அமைச்சு எல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு என்னதான் செய்கின்றன? கிழக்கில் சின்னதாக உற்பத்தி செய்கிறவனுக்கு அதனால் ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையவே உண்டு. நான் மருதமுனை, கிழக்குக் கரையில் உள்ள தறி ஊர். வாப்பா தறிக்காரர். தறியில் நாடா ஓடும் சத்தத்தில்தான் பள்ளிப்பாடம் படித்தேன். அதனால் எனக்குத் தெரிந்த கைத்தறியை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில், எல்லாவற்றையும் ஓரிடத்தில் முடிவு செய்யும் அலுவலகம் என்று ஒன்று கிடையாது. வெளிநாடுகளோடு ஒப்பந்தம் பேசுவதும், ஏற்றுமதிப் பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழ் கொடுப்பதும் வர்த்தகத் திணைக்களம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை, அதாவது சுங்க வரி, என்பதை நிதி அமைச்சு தீர்மானிக்கிறது. எதற்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டும், எது வரவே கூடாது என்பது 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் வேலை. உற்பத்தியாளருக்காகப் பேச வேண்டியது கைத்தொழில் அமைச்சு. இவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் விட்டால் அடி எங்கள் பாவில், தறியில் நீளவாக்கில் கட்டும் நூலில்தான் விழும்.

வாப்பா 1970களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணி வருவதை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்தது. நூல் பங்கீட்டில்தான் கிடைக்கும். ஆனால் நெய்த சாறன் கஞ்சி காயுமுன்னே விலைப்பட்டுவிடும் என்பார். 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். விசைத்தறித் துணி மலிவாக வந்து இறங்கியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. பழைய காலமே நல்லது என்று நான் சொல்லவில்லை. பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மலிவாக ஒரு சாறன் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் மாற்றம் வரும்போது தறிக்காரனுக்கு மூச்சு விட நாலைந்து வருட அவகாசமாவது கொடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு யுத்தம், 2004 இல் சுனாமி. கடற்கரைப் பக்கம் இருந்த தறிகள் வீடுகளோடு போயின.

சரி, கொள்கை என்பது கையில் பிடிக்கக்கூடிய பொருளாக எப்போது எனக்குத் தெரிந்தது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நூல் விலை தாங்க முடியாமல், நெசவாளர் இரண்டு பேரோடு கல்முனையில் இரவு பஸ் ஏறிக் கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பையில் ஒரு கூம்பு நூலும் புதுச் சாறன் ஒன்றும். இதற்கு முன் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வந்திருக்கவில்லை. அங்கே தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "தம்பி, இந்த நூல் எந்த இலக்கத்தில் வருகிறது?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் விழித்தோம். அவர் கூம்பின் அடியில் ஒட்டியிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் 5205 என்று எழுதி, அதன் கீழே 5208 என்று எழுதினார். "மேலே இருப்பது பருத்தி நூல். கீழே இருப்பது நெய்த பருத்தித் துணி. 'நூல் விலை கூடிவிட்டது' என்று எழுதினால் அது யாருடைய மேசைக்கும் போகாது. இந்த இலக்கத்தைப் போட்டு எழுதுங்கள்."

சுங்கத்தில் எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு இலக்கம் உண்டு. முழு இலக்கம் இன்னும் நீளம்; அவர் எழுதியது அதன் முதல் நான்கு இலக்கங்கள் மட்டும். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்னால் வருவதை நாடுகள் தாங்களே பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் நெய்யும் நூலில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருகிறது. மேலே உள்ள இலக்கத்துக்கு வரி ஏறி, கீழே உள்ள இலக்கத்துக்கு வரி இறங்கினால் தறி நின்றுவிடும். வரியை மாற்றும் அந்த வர்த்தமானியில், அதாவது அரச அறிவித்தலில், தறி என்ற சொல்லே இருக்காது. அப்புறம் இன்னொன்று: 5208 இல் அந்த முதல் ஆறு இலக்கங்களுக்குள் கைத்தறித் துணி, விசைத்தறித் துணி என்ற பிரிவே இல்லை. கையால் நெய்ததை வேறாகக் காட்ட வேண்டுமென்றால் நம் நாட்டு அதிகாரிகள்தான் பின்னால் வரும் இலக்கங்களில் பிரித்துக் காட்ட வேண்டும். கைத்தறிக்கு வருடா வருடம் கண்காட்சி வைப்பதைவிட இதை ஒழுங்காகச் செய்வதுதான் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

வயல்காரருக்கும் இதே கதைதான். 2021 மே மாதம் இரசாயன உரம் வருவதை நிறுத்திய வர்த்தமானி நான் மேலே சொன்ன அதே 1969 சட்டத்தின் கீழ் வந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் விதைத்தவர்கள் மஞ்சளித்த பயிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றார்கள். ஏறாவூரிலும் மற்ற இடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் இதில் அடக்கம். அவர்கள் தைக்கும் ஆடை ஐரோப்பாவுக்குப் போகும்போது கிடைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2010 ஓகஸ்டில் போய் 2017 மேயில்தான் திரும்பி வந்தது.

ஆகவே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது அரசகரும மொழி. வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் நவம்பரில்தான் வரும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உங்கள் சங்கத்தின் பெயரில் நிதி அமைச்சுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைக் கைத்தொழில் அமைச்சுக்கும் போடுங்கள். உங்கள் மூலப்பொருளின் இலக்கம், முடிந்த பொருளின் இலக்கம் இரண்டையும் முதல் வரியிலேயே போடுங்கள். அந்த அலுவலர் எழுதித் தந்த தாளை எங்கள் சங்கத்தில் நூல் நிறுக்கும் தராசுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். நூல் வாங்க வருகிற பிள்ளைகளுக்கும் 5205 இப்போது மனப்பாடம்.