பத்மினியில் இன்ஜெக்ஷன் எஞ்சின்: பெட்ரோல் லைனுக்கு எந்தக் குழாய் போடுவது?

பழைய பிரீமியர் பத்மினியில், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினைப் பொருத்தும்போது, டேங்க் முதல் எஞ்சின் வரை ரப்பர் ஹோஸையே இழுத்துவிடலாமா, மெக்கானிக் சொல்வதுபோல் தாமிரக் குழாய் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கார்புரேட்டருக்கு மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் அரை பாருக்கும் குறைவு. இன்ஜெக்ஷனுக்கோ சுமார் 3 பார் வேண்டும். முன்பு சொட்டாகக் கசிந்த இடத்தில் இனி பீய்ச்சியடிக்கும்.

ஆகவே வண்டியின் அடிப்பகுதி நெடுக 8 மி.மீ. எஃகுக் குழாயோ தாமிரமும் நிக்கலும் கலந்த குழாயோ போடுங்கள். பின்னது துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. தூய தாமிரம் ஓயாத அதிர்வில் இறுகிப்போய், வளைவிலோ, இணைப்புக்காக முனையை விரித்த ஃப்ளேர் அருகிலோ விரிசல் விடும். பெட்ரோலில் பிசின் சேர்வதையும் விரைவுபடுத்தும். ஏ.சி. மெக்கானிக்கிடம் சுலபமாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு இங்கே வேறு தகுதி இல்லை.

ரப்பர் ஹோஸ், அசைவு உள்ள இடங்களான டேங்க் அருகிலும் எஞ்சின் அருகிலும் மட்டும் சிறு துண்டுகளாக இருக்கட்டும். அதன்மேல் எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். 30ஆர்7 கார்புரேட்டர் அழுத்தத்திற்கானது. ஆர்9 ஹோஸின் உட்சுவர் ஃப்ளோரோகார்பன் ரப்பரால் ஆனது என்பதால் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் தாங்கும். ஆனால் அதன் மேலுறை பெட்ரோலில் ஊறுவதற்கானதன்று. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30ஆர்10 வாங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது குழாயின் முனையில்தான். வெட்டிய குழாயில் ஹோஸை அப்படியே செருகி எவ்வளவு முறுக்கினாலும், 3 பார் அழுத்தத்தில் அது நழுவக்கூடும். முனையைச் சுற்றி ஒரு சிறு புடைப்பு எழுப்பி, ஹோஸை அதைத் தாண்டிச் செருகி, கிளாம்பைப் புடைப்புக்குப் பின்னால் இறுக்க வேண்டும். பட்டியில் வரிவரியாகத் துளையுள்ள சாதாரண ஸ்குரூ கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். உட்புறம் வழுவழுப்பாகவும் ஓரம் வெளிப்புறம் மடிந்தும் இருக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்பையே கேட்டு வாங்குங்கள். அழகுக்காகப் பின்னல் ஹோஸ் போடுவதானால், அந்த எஃகுப் பின்னல் உரசும் வயரையும் குழாயையும் அரம்போல் ராவிவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

குழாயை எக்ஸாஸ்ட் செல்லாத பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அருகிலும் பயணிகள் அமரும் பகுதிக்குள்ளும் வேண்டாம். ஓர் அடி, ஒன்றரை அடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப், தகட்டைத் துளைக்கும் இடங்களில் ரப்பர் வளையம் ஆகியவை கட்டாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். எனவே சர்வீஸ் பள்ளத்திற்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யாதீர்கள். தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

முடித்தபின் எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். பம்புக்கு முந்திய உறிஞ்சும் பகுதியில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும், பம்பின் இரைச்சல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.