இரண்டாம் மாதம் யார் வருவார்?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கிறோம். எங்கள் சங்கத்து நண்பர் மாரடைப்பில் இறந்துவிட்டார். எல்லோரும் பணம் போட்டு உடலை ஊருக்கு அனுப்பினோம். மனைவியும் இரு பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு மாதமாகிவிட்டது, இப்போது அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இனி எப்படி உதவுவது?
– சங்க உறுப்பினர் ஒருவர்

பதில்: முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம் வரும், அப்புறம் அவரவர் பிழைப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காகித வேலைகள் கழுத்தை நெரிப்பது இப்போதுதான்.

முதலில் விசாவைப் பாருங்கள். கணவரைச் சார்ந்த விசா என்றால், பல நாடுகளில் அவர் இறந்த பிறகு குடும்பம் தங்குவதற்குக் குறிப்பிட்ட அவகாசம்தான் உண்டு. 'எனக்குத் தெரிந்தவருக்கு இப்படித்தான் ஆச்சு' என்று வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகளை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். திரட்டிய பணத்தில் மீதி இருந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

அடுத்து, அவர் வேலை பார்த்த இடம். சம்பள பாக்கி, காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், கேட்காமல் வருவது அபூர்வம். அவர் கணக்கு வைத்திருந்த வங்கி இழுத்தடித்தால் உங்கள் நாட்டுத் தூதரகத்தை அணுகலாம். வாரிசுரிமை விஷயத்தில், உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்பட்டு, தன் குடிமக்களின் நலனைக் காப்பதும் தூதரகப் பணிகளில் ஒன்று என்று தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

நண்பரின் மனைவியிடம் 'என்ன உதவி வேணும்னாலும் சொல்லுங்க' என்றால் 'ஒண்ணும் வேண்டாண்ணே' என்றுதான் பதில் வரும். 'வியாழக்கிழமை எனக்கு லீவு, வங்கிக்குக் கூட வரட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். இப்படிப் போய்வர இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் போதும். ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. பத்துப் பேர் போனால் அதே கதையை அவர் பத்து முறை சொல்லி அழ வேண்டியிருக்கும்.

வசூல் கணக்கை அவரிடமே காட்டிவிடுங்கள். அவர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போட்டு இனி வசூல் வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நூறாண்டுக்கு முன் நியூயார்க்கில் குடியேறிய யூதர்கள் ஊர்வாரியாகச் சங்கம் வைத்துச் சந்தா கட்டினார்கள். நோயில் படுத்தால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு, எல்லாம் விதிப்படி வந்துவிடும், யாரும் கையேந்த வேண்டியதில்லை. ஆள் போன பிறகு உண்டியல் குலுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த கூட்டத்தில் இந்தச் சந்தா பேச்சை எடுங்கள். முணுமுணுப்பு வரும், வரட்டும்.

ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்பதை மட்டும் அவரே முடிவு செய்யட்டும். உறவினர்கள் போனில் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அதற்குத் தூது போகாதீர்கள்.