இங்கிலாந்துப் பள்ளிகளில் சப்ளை டீச்சரிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்?

முதல் முறையாக மாற்று ஆசிரியராகப் போகிறேன், வகுப்பில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் பெரும்பாலும் மேசையில் தயாராக இருக்கும். வகுப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்றிதழோடு சற்று முன்னதாகவே போய், அந்தப் பள்ளியின் நடத்தை விதிகளை வாங்கிப் படியுங்கள். எத்தனை எச்சரிக்கை, அப்புறம் யாரை அழைப்பது என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். வருகைப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் அதை வைத்துத்தான் பிள்ளைகளைச் சரிபார்ப்பார்கள்.

ஒரு பிள்ளை வீட்டில் அடி விழுவதாக மெல்லச் சொன்னால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து, உடனே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஒரு நாள் வேலைதானே என்று இதில் தயங்கவே கூடாது.

கிளம்பும்போது, பாடம் எதுவரை முடிந்தது என்று வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.