எடின்பரோ கோட்டை: முழங்கால் வலியோடு ஏறலாமா?

கேள்வி: ஜூலையில் ஸ்காட்லாந்து போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மலைமேல் இருக்கும் எடின்பரோ கோட்டைக்கு அவரைக் கூட்டிப் போகலாமா? அரை நாள் போதுமா?

பதில்: தாராளமாகப் போகலாம், அரை நாளும் போதும். ஆனால் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறாதீர்கள். அப்படி ஏறினால் உச்சிக்குப் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும், அங்கே வரிசையும் நீண்டிருக்கும்.

கோட்டை நிற்பது சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை. மூன்று பக்கம் செங்குத்து, கிழக்கே மட்டும் சரிவு. அன்று படையெடுத்து வந்தவனுக்கும் அதுதான் வழி, இன்று உங்களுக்கும் அதுதான். உள்ளே பாதை கல் பாவியது, தூறல் விழுந்தால் வழுக்கும். நடக்கச் சிரமப்படுபவர்களை மேலே ஏற்றிவிட இலவச வண்டி உண்டு. நுழைந்ததும் ஊழியரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு அம்மாவை நடக்க வைத்துவிடாதீர்கள்.

நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும். காலை முதல் நேரத்தையே முன்பதிவு செய்து, நேராக உச்சிச் சதுக்கத்துக்குப் போய், ஸ்காட்லாந்து அரசர்களின் மணிமுடியும் செங்கோலும் வாளும் இருக்கும் அறையை முதலில் முடித்துவிடுங்கள். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி அந்த அரசர்கள் முடிசூடப் பயன்பட்ட முடிசூட்டுக் கல்லைத் தேடாதீர்கள், 2024-இல் அதை பெர்த் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் மற்றதை மெதுவாகப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டின் புனித மார்கரெட் சிற்றாலயம் நம் வீட்டுக் கூடம் அளவுதான். பத்துப் பேர் நுழைந்தாலே நெருக்கடி. அதன் வாசலருகே 'மான்ஸ் மெக்' பீரங்கி இருக்கிறது. 1449-இல் செய்தது, சுமார் 6 டன். 1681-இல் மரியாதைக்காகச் சுட்டபோது குழாய் வெடித்தது. இரும்பு வளையங்கள் பிய்ந்த இடம் இன்னும் வாய் பிளந்தபடி இருக்கிறது, சுற்றி வந்து பாருங்கள்.

சரியாக மதியம் 1 மணிக்கு வேறொரு பீரங்கியை ஒருமுறை சுடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லீத் துறைமுகக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க 1861-இல் தொடங்கியது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தெரியாமல் நின்றால் தூக்கிவாரிப் போடும்.

குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காற்று மிஞ்சினால் கோட்டையையே மூடிவிடுவார்கள், ஆகவே காலையில் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.