ஏழு பேர் கூடினால் போதாதா?

கேள்வி: கன்னியர் நடத்தும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஜூன் மாதம் சிஸ்டர் என்னை ஒய்.சி.எஸ். (இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம்) தலைவியாக நியமித்தார். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். இப்போது ஏழு பேர்தான் வருகிறார்கள். காலை வழிபாட்டில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும் என் வேலை. எல்லோரும் என்னைக் ‘குட்டி சிஸ்டர்’ என்று கேலி செய்கிறார்கள். என் உயிர்த்தோழி இந்து சமயத்தைச் சேர்ந்தவள். அவளைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா? ஜெபிக்கும்போது எனக்கே எதுவும் தோன்றுவதில்லை. விலகிவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்பு மகளே,

விலகாதே. ஆனால் பெயர் எழுதும் வேலையை நாளைக்கே சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. காலையில் தன் பெயரைப் பலகையில் எழுதியவளிடம் மாலையில் யார் மனம் திறந்து பேசுவார்கள்? உன் பக்தியை யாரும் கேலி செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சாக்பீஸ்தான் அவர்களை உறுத்துகிறது.

உங்கள் இயக்கத்தின் வழிமுறையை வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கார்டைன். குருவாகப் பயிற்சி பெறும் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை அந்நியனாகப் பார்த்து ஒதுங்கினார்கள். அந்த வலி அவரை விடவே இல்லை. 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். தொழிலாளர்களுக்குத் தொழிலாளர்களே, மாணவர்களுக்கு மாணவர்களே திருத்தூதர்கள் என்பது அவருடைய உறுதி. பார், சீர்தூக்கு, செயல்படு என்ற அவருடைய மூன்று படிகளைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலிலேயே எடுத்துச் சொன்னார்.

உன் கூட்ட நிரலையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தாய். பாடல், வாசகம், சிஸ்டர் உரை, அறிவிப்பு, முடிவு ஜெபம். இதில் மாணவிகள் வாய் திறக்க இடம் எங்கே இருக்கிறது?

நான் வழிகாட்டி ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, “இந்த வாரம் பள்ளியில் உங்கள் கண்ணில் பட்டது என்ன?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி, “குழாயடியில் ஓர் அக்கா டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மூடிக்கொண்டே சாப்பிடுகிறார். உள்ளே ஒன்றும் இல்லை, மிஸ்” என்றாள். அந்த அக்கா பிளஸ் ஒன். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆசிரியரிடம் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. சொன்னால் அவமானப்படுவாள் என்றாள் இன்னொருத்தி. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனைப் பற்றிய பகுதியை அன்று வாசித்தோம். திங்கட்கிழமை, கூட்டத்தில் இருந்த எட்டுப் பேரும் குழாயடிக்கே போய் உட்கார்ந்து, பாக்ஸ்களைத் திறந்து நடுவில் வைத்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பங்கிட்டுச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு முழுவதும் அவர்களுக்கு அதுதான் சாப்பாட்டு இடம்.

ஏழு பேர் போதாது என்று எண்ணாதே. 1856இல் இத்தாலியின் டூரின் நகரில், ஏழைச் சிறுவர்களுக்காக தொன் போஸ்கோ என்ற குரு நடத்திய இல்லத்தில் தோமினிக் சாவியோ தன் தோழர்களோடு அமல உற்பவ மாதா சபையைத் தொடங்கியபோது அவனுக்கு வயது பதினான்கு. புதிதாக வந்து தனித்து நிற்கும் பையன்களையும், யாருக்கும் அடங்காத பையன்களையும் ஆளுக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

தோழியைத் தாராளமாக அழை. இந்தியாவில் மற்ற சமய மாணவர்களுக்காக ‘இளம் மாணவர் இயக்கம்’ என்ற பெயரும் உண்டு. ஆனால் கூட்டத்தில் ஜெபமும் விவிலிய வாசிப்பும் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அவள் வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும். அரசு உதவியோ அங்கீகாரமோ பெறும் பள்ளியில் விருப்பமில்லாத மாணவரை வழிபாட்டில் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நட்புக்கு அது அழகல்ல. ஜெப நேரத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும். குழாயடியில் உட்கார எந்தச் சமயமும் தடையில்லை.

கடைசிக் கேள்விதான் உன்னை அதிகம் வருத்துகிறது என்று தெரிகிறது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் அவருக்கும் ஜெபத்தில் இருளே மிஞ்சியிருந்தது. அந்த இருளோடுதான் அவர் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். உணர்வு வரவில்லை என்பதால் உன் விசுவாசம் பொய்யாகிவிடாது. ஆனால் மேடையில் உருகுவதுபோல் நடிக்காதே, அது உன்னைத்தான் களைப்பாக்கும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, போகும்போது சாமியாரிடம் இதை ஒளிக்காமல் சொல். முதல் வெள்ளித் திருப்பலிக்கு மன்றாட்டு எழுதும்போது, உன் வகுப்பில் உண்மையிலேயே துன்பப்படும் ஒருத்தியை, பெயர் சொல்லாமல், நினைத்து எழுது.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடு. சிஸ்டருக்கும் அதே வட்டத்தில் ஒரு நாற்காலி. அன்று யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுவாயா?