கிணற்றுக்குள் இறக்கும் நீர்ப்பம்பியும் அணையாத விளக்கும்

கேள்வி: விசுவமடுவில் கச்சானும் மிளகாயும் செய்கிறோம். தோட்டக் கிணறு 35 அடி ஆழம். ஆவணி, புரட்டாதியில் நீர் அடிக்குப் போய்விடுவதால், மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியைக் கிணற்றின் நடுத்தட்டில் இறக்கி வைத்து இறைக்கிறோம். சைலன்சரில் ஒரு குழாயைப் பொருத்திப் புகையை மேலே விடுகிறோம். இயந்திரம் நின்றுபோனால் கயிற்றில் ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்போம். அது அணையாவிட்டால் தம்பி இறங்கி மறுபடி இயக்குவார். போன கிழமை மேலே வந்தவர் தலையிடி என்று சொல்லி வாந்தி எடுத்தார். வெயில் என்று நினைத்து விட்டுவிட்டோம். இந்த முறை பாதுகாப்பானதா?

பதில்: பாதுகாப்பானதல்ல, இன்றே நிறுத்துங்கள். கிணற்றைப் பற்றிப் பேசுமுன் உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடிய கிணற்றிலிருந்து ஏறி வந்தவருக்குத் தலையிடியும் வாந்தியும் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை, இயந்திரப் புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டின் நஞ்சேற்றமாகவே கருத வேண்டும். இந்த நஞ்சு சிலரை, குணமாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, சில நாட்களிலிருந்து சில கிழமைகள் கழித்துக்கூட மறதி, தடுமாறும் நடை, குணமாற்றம் என்று திரும்ப வந்து தாக்குவதுண்டு. ஆகையால் அவர் இப்போது நலமாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

இனி விளக்கு. கேள்வியில் என்னை மிகவும் அஞ்ச வைத்தது அதுதான். நெடுநாள் மூடிக் கிடந்த பாழ்க்கிணற்றில் காபனீரொட்சைட்டு தேங்கி ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு அணைந்து எச்சரிக்கும்; அந்த அளவில் பெரியவர்கள் சொல்லித் தந்தது சரியானதே. ஆனால் இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டை விளக்கு காட்டாது. உங்கள் கிணறு 12 அடி விட்டம் என்று வைத்துக்கொண்டால், அதன் கீழ் 20 அடியில் ஏறத்தாழ 64 கனமீற்றர் காற்று இருக்கும். 160 சிசி அளவுள்ள சிறிய பம்பி முழு வேகத்தில் மணிக்கு 12 கனமீற்றர் அளவில் புகை தள்ளும். அதில் 5 வீதம் காபனோரொட்சைட்டு இருப்பது இத்தகைய இயந்திரங்களில் வழமையே. குழாய் இல்லாமலோ, பொருத்து கழன்ற நிலையிலோ அரை மணி நேரம் ஓடினால் 6 கனமீற்றர் புகையும், அதற்குள் 0.3 கனமீற்றர் காபனோரொட்சைட்டும் கிணற்றில் சேரும். அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 4,700 பங்காகும். 3,200 பங்கே அரை மணி நேரத்தில் ஆளைக் கொல்லப் போதுமானது. அதே நேரத்தில் ஒட்சிசனோ வழமையான 21 வீதத்திலிருந்து 19 வீதத்துக்குத்தான் குறைந்திருக்கும். விளக்குச் சுடர் அணைவதற்கு அது 16, 17 வீதமளவுக்கு இறங்க வேண்டும். ஆகவே ஆளைக் கொல்லும் காற்றில் உங்கள் விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும்.

பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் கையில் பாதுகாப்பு விளக்கு இருந்தும், காபனோரொட்சைட்டை அறிவதற்கென்று கூண்டில் சிறு பறவையையும் 1986 வரை வைத்திருந்தார்கள். விளக்கு அதைக் காட்டியிருந்தால் பறவைக்குத் தேவையே இருந்திராது.

இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. புகை மணக்காத இடத்திலும் அது இருக்கலாம். குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் இதைப் பிடித்துக்கொள்வதால், காற்றில் ஒட்சிசன் இருந்தும் அது மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேராது. மூச்சு முட்டும் உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டின் பெருக்கமே. இங்கே அந்த எச்சரிக்கை கிடைக்காமற் போகலாம். இறங்கியவர் இதமாகவே உணர்வார். ஏணியில் ஏறத் தொடங்கும்போது கால்கள் சொல் கேளாமற் போகும்.

சைலன்சரில் பொருத்திய குழாயை நம்ப வேண்டாம். புகையின் சூட்டில் இளகியும், அதிர்வில் தளர்ந்தும் பொருத்து கசியும். நீண்ட ஒடுங்கிய குழாய் புகையை எதிர்த்துத் தள்ளுவதால் கசிவு இன்னும் கூடும். மேற்சொன்ன கணக்கில் கால்வாசிப் புகை மட்டும் கசிந்தாலே ஆயிரம் பங்கைத் தாண்டிவிடும். குழாயின் வாய் கிணற்றுக்கட்டின் அருகே இருந்தால், வெளிவிட்ட புகை கிணற்றுக்குள்ளேயே திரும்பவும் விழும். இன்னொன்று: எண்ணெய் இருக்கும்போதே இயந்திரம் தானாக நின்றால், அது தன் புகையையே உறிஞ்சித் திணறி நின்றிருக்கலாம். அப்படித் திணறும் இயந்திரம் இன்னும் கூடுதலான காபனோரொட்சைட்டை உமிழும். நீங்கள் தம்பியை இறக்குவது, கிணறு மிகக் கெட்டிருக்கும் அந்த நேரத்தில்தான்.

‘எவ்வளவு நேரம் பொறுத்து இறங்கலாம்’ என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மணிக்கணக்காக எதையும் நான் சொல்ல மாட்டேன். பகலில் கிணற்றுக் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், காற்று வீசாத நாளில் அது அசையாமலே கிடக்கும். வேப்பங்குழையைக் கட்டி இறக்கி விசிறுவதும் வாளியால் நீர் ஊற்றுவதும் காற்றைக் கலக்குமேயன்றி வெளியேற்றாது. பெற்றோலில் ஓடும் மருந்து தெளிகருவியால் காற்றடிப்பவர்களும் உண்டு. அதுவும் புகைவிடும் இயந்திரமே என்பதால் அதைச் செய்ய வேண்டாம். கிணற்றின் அடிவரை குழாய் விட்டு மின்விசிறியால் புதுக்காற்றைத் தள்ளி, வாயுமானியைக் கயிற்றில் இறக்கி அளந்த பின்பே இறங்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டும் எச்சரிக்கைக் கருவி இதற்கு ஆகாது. பத்து இலட்சத்தில் 400 பங்கு இருக்கும்போதும் அது ஒலிக்க 4 முதல் 15 நிமிடம் எடுக்கலாம்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. இதை எழுதுவது எளிது, அண்ணனாகக் கிணற்றுக்கட்டில் நின்று கடைப்பிடிப்பது மிகக் கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து இறப்பது இப்படித்தான். முகத்தில் கட்டும் ஈரத்துணியோ முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது. எக்காரணம் கொண்டு எவர் கிணற்றில் இறங்கினாலும், மார்பைச் சுற்றிய கட்டுடன் கயிறு கப்பியில் ஓடவும், அதைப் பிடிக்க மேலே இருவர் நிற்கவும் வேண்டும். அப்போது இறங்காமலே இழுத்தெடுக்கலாம். 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழையுங்கள். மூச்சில்லாவிட்டால் மார்பை அழுத்தி முதலுதவியைத் தொடங்குங்கள். கொவிட் காலத்தில் வாங்கிய, குருதியின் ஒட்சிசன் வீதத்தைக் காட்டும் விரல் மானி 98 என்று காட்டினால் ஏமாற வேண்டாம். காபனோரொட்சைட்டு ஏறிய குருதியையும் அது ஒட்சிசன் நிறைந்த குருதியாகவே காட்டும். வைத்தியசாலையில் ‘இயந்திரப் புகை’ என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சின் பாதி வெளியேற 4, 5 மணி நேரமாகும். முகமூடி வழியே தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும்.

மேலே வைத்த பம்பி 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது என்பதுதான் உங்களை இந்த வழிக்குத் தள்ளியது. அது காற்றழுத்தத்தின் எல்லை, பெரிய இயந்திரம் வாங்கினாலும் மாறாது. ஆனால் கீழிருந்து மேலே தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை. நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியை இறக்குங்கள். தோட்டத்துக்கு மின்சாரம் வரவில்லையென்றால், சூரியமின்தகடுகளோடு பொருத்தலாம். அல்லது ஜெனரேற்றரைக் கிணற்றிலிருந்தும் குடிலிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, காற்று அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில் வைத்து, மின்கம்பியை மட்டும் கிணற்றுக்குள் விடலாம். புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் அதை இயக்க வேண்டாம்; எவரேனும் நீரில் கால் வைக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள்.